நெய்தலின் இரங்கலும் கண்ணில் விழுந்த மணலும்: மரக்காணம் மணல்மேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று 19 ஆண்டுகளாக விழுப்புரம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்கொடுத்தவன் நான். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், பாலைக்குப் பிரிதல். கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஏன் அழுகை என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கடல்மேல் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை, தலைவி கண்கலங்குகிறாள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அந்த விடை பிழை. தலைவியின் கண்ணில் மணல் விழுந்திருக்கிறது. கடந்த ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மணமாகி 22 ஆண்டான ஒரு தலைவியையும் அவளுடைய டிபன் கேரியரையும் துணைக்கொண்டு இதை நிறுவினேன்.

முதற்சான்று இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. பொழுது சாயும் பிற்பகல். பிரிவாற்றாமைக்குக் கடிகாரம் எதற்கு? புருஷன் ஊரில் இல்லாத துயரம் காலை பத்து மணிக்கும் வரும், நடுச்சாமத்திலும் வரும். பிற்பகலில் பார்த்து வருவது கடற்காற்று ஒன்றுதான். வெயிலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடேறுகிறது; நிலத்தின்மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று உள்ளே புகுகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று அதை வெகுநேரம் தடுத்து நிறுத்திவைக்கும். அப்புறம் வழிவிட்டதும், வரிசையில் நின்று நின்று பொறுமை இழந்தவன் கவுண்டரில் பாய்வது மாதிரி கடற்காற்று கரையேறும். எற்பாடு என்று வகுத்தவர் காற்றாட மணலில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இத்துறையில் முன்னோர் செய்த ஆய்வுகளில் பெருங்குறை ஒன்று உண்டு. காற்றுக்கு 0 முதல் 12 வரை படிநிலை வகுத்த பிரான்சிஸ் போஃபோர்ட், ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி. கப்பல் எத்தனை பாய் தாங்கும் என்பதுதான் அவருடைய அளவுகோல். 1805-06இல் அதை வகுத்தார். 1812இல்தான் அவருக்குத் திருமணம். பறக்கும் மணலின் இயற்பியலை எழுதிய ரால்ஃப் பாக்னோல்ட், லிபியப் பாலைவனத்தில் கார் ஓட்டித் திரிந்து அலுத்த ராணுவப் பொறியாளர். புத்தகம் 1941இல் வந்தது, கல்யாணம் 1946இல். ஆக, காற்றுக்கும் மணலுக்கும் மூலநூல் செய்த இருவரும் அவற்றைச் செய்தபோது பிரம்மச்சாரிகள். இடையில் 1906இல் ஜார்ஜ் சிம்ப்சன் என்பவர் போஃபோர்ட் அளவுகோலுக்கு நிலத்து அடையாளங்களைச் சேர்த்தார்: மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் 6ஆம் நிலை, குடை பிடிப்பது கடினம். குடைவரைக்கும் வந்தவர் புடவைக்கு வரவில்லை. அவரும் பிறகு சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்தவர்தான். ஒரு நடை மெரினாவுக்கு வந்திருக்கலாம்.

புடவை என்பது ஐந்தரை மீட்டர் பாய். கப்பலில் பாயைச் சுருட்ட மாலுமிகள் உண்டு. இங்கே ஒரே ஆள், அதிலும் ஒரு கையில் டிபன் கேரியர். நான் கட்டியிருந்தது எட்டு முழ வேட்டி. அது பற்றிய தரவுகளை ஆய்வு நெறி கருதி வெளியிடவில்லை.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், அங்கிருந்து கிழக்கே மரக்காணம். மொத்தம் எழுபது கிலோமீட்டர் சொச்சம், இருசக்கர வண்டியில். திண்டிவனத்தில் கிடங்கல் பக்கம் மாமியார் வீடு. திந்திரிணி என்றால் புளி. புளியமரக் காடுதான் திண்டிவனம் ஆனது என்பார்கள். அந்தப் பெயர்க்காரணத்தை மெய்ப்பிப்பதுபோல மாமியார் ஒரு கேரியர் நிறையப் புளிசோறு கட்டிக்கொடுத்து, “காத்து அதிகமா இருக்கும் மாப்ள, பத்திரம்” என்றார். ஆய்வில் முதல் எச்சரிக்கை இதுவே. பதிவு செய்தேன், பொருட்படுத்தவில்லை.

கிடங்கல் சாதாரண இடமில்லை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பாணர்கள் தங்கள் விறலியரோடு எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வழியாக வந்து, வேலூர், ஆமூர் தாண்டிக் கிடங்கில் என்ற இந்தக் கிடங்கலை அடைகிறார்கள். அந்த எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று பலர் கொள்வார்கள். அந்தக் காலத்தில் கடற்கரையிலிருந்து கிடங்கிலுக்கு வந்த தம்பதியர் போன பாதையில், கிடங்கலிலிருந்து கடற்கரைக்கு எதிர்த்திசையில் போனோம் நாங்கள். பாணர்களுக்கு எயிற்பட்டினத்தில் கள்ளும் சுட்ட மீனும் கிடைத்தன. சுடச்சுட மீன் கிடைத்தவர்கள் காற்றைக் குறை சொல்லமாட்டார்கள். பரிசில் வாங்கப் போகிறவர்கள் வழியில் எதையுமே குறை சொல்லமாட்டார்கள். ஆகவே அந்த நூல் நம் ஆய்வுக்கு உதவாது.

மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் கூம்பு கூம்பாக உப்பு, சில குவியல்களுக்கு மட்டும் ஓலைப் போர்வை. வண்டியை ஓரங்கட்டி, உலர்ந்த மணலைக் கொட்டினால் அது 34 பாகைச் சரிவில் வந்து நிற்கும், அதற்குமேல் செங்குத்தாக நிற்கச்சொன்னால் சரிந்துவிடும், உப்புக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு என்று விளக்கினேன். “கடல் பாக்கலாம்னு சொல்லித்தானே கூட்டியாந்தீங்க?” என்றாள். கண்ணில் மண்ணைத் தூவுதல் என்ற மரபுத்தொடர் உதித்த சூழல் இதுவாக இருக்கலாம்.

இங்கிருந்துதான் இந்தக் கட்டுரையின் மையக் கருதுகோள் தொடங்குகிறது. தமிழில் மண்ணை வைத்து வழங்கும் மரபுத்தொடர்கள் எத்தனை! சோற்றில் மண், வாயில் மண், தலையில் மண், மண்ணைக் கவ்வுதல், மண்ணை வாரித் தூற்றுதல். இவை பல காலத்தில் பல ஊரில் பிறந்தவை அல்ல. எல்லாமே ஏதோ ஒரு தம்பதி ஏதோ ஒரு பிற்பகலில் கடற்கரைக்குப் போய்வந்ததன் நாட்குறிப்பு. எங்கள் களப்பணியில் எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் வரிசையாக நிகழ்ந்தன.

சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் மணல்மேடு. பெரிய மேடில்லை, ஒன்றரை ஆள் உயரம். உச்சியில் இராவணன் மீசைப் புல், சரிவில் அடம்பங்கொடி. இரண்டும் மணலைப் பிடித்துவைக்கும் வேலை பார்ப்பவை. அன்று இரண்டுமே விடுப்பில் இருந்தன போலும். காற்று மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தொட்டாலே பொடிமணல் கிளம்பிவிடும். பறப்பதில்லை, தத்துகிறது. ஒரு மணி எழும்பி, கொஞ்ச தூரம் போய் விழுந்து, விழுந்த இடத்தில் நாலு மணியை உசுப்பிவிட, அவை எழும்பி இன்னும் நாலை உசுப்பிவிடும். ஊரில் ஒரு வதந்தி பரவுவது போலத்தான். இந்தத் தத்தல் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே நடக்கிறது. நிற்கிறவருக்குத் தொல்லை குறைவு. உட்கார்கிறவரின் முகம் சரியாக மணல் ஓடும் உயரத்துக்கு வந்து சேர்கிறது.

“அதனால நின்னுக்கிட்டே சாப்பிடுவோம்” என்றேன்.

“பெருமாள் கோயில் பிரசாதமா இது, நின்னுக்கிட்டுத் திங்க? உக்காருங்க.”

உட்கார்ந்தோம். கேரியரின் மேலடுக்கைத் திறந்து மூடுவதற்குள் புளிசோற்றின்மேல் மெல்லியதாக ஒரு பூச்சு. சோற்றில் மண். முதல் கவளத்தில் நறநற. வாயில் மண். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு தலைவியானாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. நானோ கடல்மேல் எங்கும் போகவில்லை, அரையடி தூரத்தில் அப்பளத்தோடு உட்கார்ந்திருந்தேன். பிரிவுக்கும் இரங்கலுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடக் கட்டுப்பாடான சோதனை இருக்க முடியாது.

காற்று இரட்டித்தால் புடவைமேல் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். அள்ளிவரும் மணலோ ஏறக்குறைய எட்டு மடங்காகும். இதை எடுத்துச்சொல்லி, மேட்டுக்குப் பின்பக்கம் போனால் காற்று மறைவாக இருக்கும் என்றேன். மறைவுதான். ஆனால் முன்சரிவில் தத்தித்தத்தி ஏறிவரும் மணல் உச்சியைத் தாண்டியதும் பின்பக்கம்தான் கொட்டும். மணல்மேடு நகர்வதே அப்படித்தான். காற்றில்லாத இடத்தில் மேலிருந்து மணல் மழை. நான் அதைக் கவனிக்க உச்சிக்கு ஏறியபோது, மேலே சொன்ன 34 பாகை காலுக்குக் கீழே தன் வேலையைக் காட்டியது. குப்புற வந்து அவள் காலடியில் விழுந்தேன். மண்ணைக் கவ்வினேன். ஒரே கணத்தில் விவாதத்திலும் நிலத்திலும் கவ்வியதால் இந்தத் தொடருக்கு இரு பொருளும் எப்படி ஏற்பட்டன என்பது தெளிவாயிற்று.

துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அது 1 முதல் 11 வரை. கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையாம் எண் கூண்டு என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் நேரில் பார்த்தவர்கள். 10ஆம் எண்தான் உச்ச அபாயம் என்று எண்ணியிருந்தேன். அதற்குமேல் 11 எதற்கென்று பிறகுதான் தெரிந்தது: எச்சரிக்கை மையத்தோடு தகவல்தொடர்பே அறுந்துபோனது என்று பொருள். புளிசோறு வீணானதிலிருந்து அரைமணி நேரம் அந்த மேட்டில் பறந்தது 11ஆம் எண் கூண்டு.

அதை நான்தான் இறக்கினேன், தவறான முறையில். சும்மா இருந்திருக்கலாம், “உங்க அம்மா இன்னும் இறுக்கமா மூடுற கேரியரா குடுத்திருக்கலாம்” என்றேன். அவள் எழுந்து ஒரு கை மணலை வாரித் தூற்றினாள். தமிழ்ச் சாப முறைகளில் இது தொன்மையானது. ஆனால் செய்முறையில் ஒரு நுட்பம் உண்டு. சபிப்பவர் காற்று வரும் பக்கம் நிற்கவேண்டும். கடல் பக்கம் இருந்தது நான். மணல் அப்படியே திரும்பி அவள் கொண்டைமேல் இறங்கியது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளுதல் என்பது தனித்தொடர் அன்று, மண்ணை வாரித் தூற்றுதலின் திசை தவறிய வடிவமே என்பது இந்த ஆய்வின் புதிய பங்களிப்பு. இதை அவளிடம் உடனே தெரிவித்தேன். முதலில் முறைத்தாள், அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் திறந்து, மறுபடி வாயில் மண்.

ஆடியில் புதுத்தம்பதியைப் பிரித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறோம். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக்கூடாது என்று காரணம் சொல்வார்கள். அம்மி நகரும் காற்றில் புதுசாகக் கல்யாணமானவர்களைக் கடற்கரைக்கு அனுப்பினால் பிள்ளை பிறப்பதுவரை விஷயம் போகாது என்பது என் கருத்து. எங்களைப்போல 22 ஆண்டு பழகிய கட்டைகள்தான் தாங்கும்.

பொழுது சாய்ந்தபின் காற்று கொஞ்சம் தணிந்தது. ஈரமணலுக்கு மேலே, காய்ந்தும் காயாததுமான இடத்தில் உட்கார்ந்தோம். அந்தக் காலத்தில் பெண்கள் மணலில் கூடல் இழைப்பார்கள் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு வட்டம் போடுவது. தொடங்கிய இடத்தில் வந்து முடிந்தால் தலைவன் வந்து சேருவான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பத்து முழுக்க இந்தக் கூடல்தான். கண்ணை ஏன் மூடவேண்டும்? மணலடிக்கிறது, மூடாமல் என்ன செய்வது என்பது என் விடை.

“இருங்க, போட்டுப் பாக்கறேன்” என்று அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு ஆள்காட்டி விரலால் ஒரு வட்டம் இழுத்தாள். ஒரு வீச்சு காற்று அந்த நேரம் பார்த்து எங்களுக்கிடையே தரையோடு தரையாக ஓடியது. நானும் கண்ணை மூடிவிட்டேன். இருவரும் திறந்தபோது விரல்பட்ட தடமே இல்லை; வரிவரியாக மணல் மட்டும்.

“சேந்துதான் இருந்துச்சு” என்றாள்.

“நீதான் கண்ண மூடியிருந்தியே, எப்படித் தெரியும்?”

“தெரியும்.”

சான்றில்லாத முடிபை ஆய்வுலகம் ஏற்காது, இன்னொரு முறை போடு, நான் கண்ணைத் திறந்துவைத்துப் பார்க்கிறேன் என்றேன். அவள் கேரியரைக் கவிழ்த்துத் தட்டி, கொண்டையை உதறி மறுபடி முடிந்துகொண்டாள்.

“ஆய்வுலகத்த வண்டியில ஏறச்சொல்லுங்க. திண்டிவனம் போறதுக்குள்ள இருட்டிரும்.”