தலையில துண்டு போட்டாச்சா, மருமகனே?

நெத்தியில மஞ்சளா அமிர்தாஞ்சன், அதுக்கு மேல சுக்குப் பத்து, காதுல பஞ்சு. நீ சைனஸ் தலைவலின்னு வைத்தியம் பாக்குறியா, இல்ல பொங்கச் சாட்டுக்கு வேஷம் கட்டுறியா மருமகனே?

அமிர்தாஞ்சனைக் குறை சொல்லல. 1893-ல இருந்து நம்ம நெத்தியெல்லாம் அதுக்குப் பட்டா போட்ட நெலம். பூசுனதும் ஜிவ்வுனு மூக்கு தெறந்த மாதிரி இருக்கும் பாரு, அது அந்தக் குளிர்ச்சி பண்ற வேலை. அடைப்பு உள்ள அப்படியேதான் குத்த வச்சிருக்கும். "காத்து வருது மாமா"ங்கிற. சரி, வரட்டும்.

அடுத்து ஆவி. நொச்சித் தழையும் மஞ்சளும் போட்டு உங்க அத்தைதான் கொதிக்க வச்சா. ஒனக்குத் தலையில நீர் கோத்துக்கிச்சாம். பிடி, செத்த நேரம் எதமா இருக்கும். ஆனா சட்டியை மடியில வச்சு எதுக்குக் கவுந்து கெடக்க? ஸ்டூல்ல வையி. அடுப்புல இருந்து எறக்கி அஞ்சு நிமிஷம் ஆறட்டும். புள்ளைகளைக் கிட்ட விடாத. தொடை வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனா தலைவலி மறந்துபோகும்தான். அந்த வகையில வைத்தியம் பலிச்சதுன்னு வச்சுக்கலாம்.

யூடியூப் பாத்துக் கெண்டியும் வாங்கியிருக்கியாமே, ஒரு மூக்குல ஊத்தி மறு மூக்குல விட? நல்லதுதான், சளியை அலசிவிடும். கால் லிட்டர் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு. ஆனா குழாய்த்தண்ணியை அப்படியே ஊத்துனியோ, கெட்ட! குடிச்சா வயித்தோட போற அமீபா, மூக்கு வழியா ஏறுனா மூளைக்குப் போயிரும். 2024-ல கேரளாவுல குளத்துல குளிச்ச பச்சப்புள்ளைகளே செத்துப்போச்சு. கொதிக்க வச்சு, ஆற வச்சு ஊத்து.

மூக்கடைப்புக்கு விடுற சொட்டு மருந்தும் மூணு நாளைக்கு மேல ஆகாது. அப்புறம் அதை நிறுத்துனாலே மூக்கு முன்னைவிட அடைச்சுக்கும். மெடிக்கல்ல போயி ஆன்டிபயாடிக் கேட்டு நிக்காத. சளியில முக்காவாசி வைரஸ், அதுக்கு அந்த மாத்திரை கட்டுப்படாது.

இம்புட்டும் சொன்னேன். ஒனக்கு இருக்குறது சைனசுதானான்னு இன்னும் நான் கேக்கல பாரு.

மூக்கைச் சுத்தி எலும்புக்குள்ள நாலு ஜோடி காத்தறை இருக்கு. அதோட வாசல் வீங்கி அடைச்சு, சளி உள்ளயே தங்குனா அதுதான் சைனஸ். குனிஞ்சா வலி கூடும், கன்னத்தைத் தொட்டா வலிக்கும், மேல் கடவாப்பல்லு கூடக் குடையும். மஞ்சளும் பச்சையுமா சளி வரும், வாசம் தெரியாது. ஒன் மூக்கு காஞ்ச கம்மா மாதிரி கெடக்கு. வெளிச்சம் ஆகல, டிவி சத்தம் ஆகல. நேத்து அத்தை கொழம்பு தாளிச்சதுக்கு வாசல்ல இருந்துக்கிட்டே "குமட்டுது"ன்னு ஓடுன. அடுப்படி வாசம் தெருவுக்கு வந்து எட்டுற மூக்கு அடைச்ச மூக்காடா?

அது ஒத்தத் தலைவலி, மைக்ரேன். அதுலயும் மூக்கு ஒழுகும், கண்ணுல தண்ணி வரும். அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. டாக்டருக்குப் படிக்கிற பேத்தி சொன்னா: அமெரிக்காவுல சைனஸ் தலைவலின்னு சொன்ன 2,991 பேரைப் பாத்துருக்காங்க, 2004-ல வந்த கணக்கு, நூத்துக்கு 88 பேருக்கு மைக்ரேன் வகைதானாம். அதுக்கு வேற மாத்திரை, வேற பத்தியம். பட்டினி கெடக்காத, ராத்திரி ஒரு மணி வரைக்கும் செல்லை நோண்டாத. வலி வந்த தேதியை ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டு.

நெசமாவே சளிதான்னா, பத்து நாளைக்கு மேல நின்னாலும், கொறஞ்சு மறுபடி ஏறுனாலும் டாக்டரைப் பாரு. கண்ணைச் சுத்தி வீங்குனா, ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா, காய்ச்சலோட கழுத்து வெறைச்சா, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. அன்னிக்கு மட்டும் இந்த மாமன்கிட்ட யோசனை கேட்டு நிக்காத.