காக்கா பதில்கள்: டெமோ எடுக்கப் போறீங்களா?

வாசகர், சாய்ந்தமருது: என் குரல் நல்ல குரல் என்று ஊரே சொல்லுது. பிறகு எதுக்குக் காக்கா டெமோ?

ஊர் விளம்பரம் எடுப்பதில்லையே தம்பி! எடுக்கிறவர் கொழும்பில் இருக்கிறார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நீங்கள் செய்த அறிவித்தல் எதுவும் அவர் காதுக்கு எட்டியிராது. அவருக்கு அனுப்பத்தான் 60 முதல் 90 செக்கன் வரை ஒரு பதிவு. அதற்குள் சவர்க்காரமும் விற்க வேண்டும், வங்கிக்கும் பேச வேண்டும், ஒரு கிழவனாகவும் இரும வேண்டும்.

வாசகர், மருதமுனை: என் டெமோ ஏழு நிமிடம். கூடவா?

அனுப்பி வையுங்கள், தூக்கம் வராத இரவில் கேட்கிறேன். வேலை தருகிறவர் முதல் சில செக்கனிலேயே முடிவு கட்டிவிடுவார். உங்கள் ஆகச் சிறந்த வாசிப்பு ஆறாவது நிமிடத்தில் இருந்தால் அதைக் கேட்கப்போவது உங்கள் உம்மா மட்டும்தான். அதுவும் பெற்ற பாவத்துக்கு.

வாசகர், நற்பிட்டிமுனை: போனிலேயே பதிந்தால் ஆகாதா?

பயிற்சிக்கு ஆகும். டெமோ என்றால் ஃபேன் சுற்றும், கடல் இரையும். "நம்பிக்கைக்கு ஒரே பெயர்" என்று நீங்கள் குரலைத் தாழ்த்துகிற அதே நொடியில் சூன் பாண் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழையும். அமேசான் குழுமத்தின் ஒலிநூல் தளமான ஏ.சி.எக்ஸ், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. பீத்தோவனுக்கும் சலுகை கிடையாது.

வாசகர், அக்கரைப்பற்று: ஸ்டூடியோ தரமானதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

இலவசப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. லுஹருக்கு ஐந்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பதிவறைக்குள் நின்று கதவைச் சாத்துங்கள். வாங்கு காதில் விழுந்தால் தொழுதுவிட்டு வேறு ஸ்டூடியோ தேடுங்கள்.

வாசகர், நிந்தவூர்: சவுண்ட் எஞ்சினியரும் டெமோ தயாரிப்பாளரும் ஒரே ஆள்தானே?

சில இடங்களில் ஒரே ஆள், ஆனால் வேலை இரண்டு. எஞ்சினியர் மீட்டரைப் பார்ப்பார். தயாரிப்பாளர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். எந்தக் குரல் உங்களுக்குப் பொருந்தும், எந்த ஸ்க்ரிப்ட் பொருந்தாது, எந்த வரியில் பொய் சொல்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது இரண்டாமவர். கணக்குப் பார்க்கிறவரெல்லாம் முதலாளி ஆக முடியாதே.

வாசகர், அட்டாளைச்சேனை: ஒரு ஸ்டூடியோவில் நியூமன் யு 87 மைக் வைத்திருக்கிறார்களாம். அது போதாதா?

அந்த மைக் சந்தைக்கு வந்தது 1967இல். ரேடியோ சிலோன், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியதும் அதே ஆண்டில்தான். இரண்டும் பெரிய பெயர். இரண்டுக்கும் முன்னால் நின்று உளறியவர்களும் இருக்கிறார்கள். விலை கூடிய மைக், உங்கள் பிழையை விலை கூடிய தரத்தில் பதிந்து தரும்.

வாசகர், கல்முனை: தயாரிப்பாளரைத் தெரிவு செய்ய ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

அவர் செய்த மூன்று பேரின் டெமோக்களைக் கேளுங்கள். மூன்றிலும் மூன்று மனிதர்கள் கேட்டால் ஆளைப் பிடியுங்கள். ஒரே இசை, ஒரே இழுவை, ஒரே "இப்போதே வாருங்கள்!" என்றால், அது மூன்று முறை எடுத்த அவருடைய டெமோ. உங்களுடையது நான்காவது.

வாசகி, ஒலுவில் கெம்பஸ்: ஒருவர், "இன்னும் மூன்று மாதம் வாசித்துப் பழகிவிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவர், "நாளைக்கே பதிவோம், காசைக் கொண்டு வாங்க" என்கிறார். யாரிடம் போக?

வாசிக்கப் போங்கள் மகள். கையில் வந்த காசை வேண்டாம் என்று சொன்ன மனிதனைத் தெருவில் தேடினாலும் கிடைக்காது. உங்களுக்கு வாசலிலேயே கிடைத்திருக்கிறார்.

வாசகர், சம்மாந்துறை: என் மச்சான் எப்.எம். அறிவிப்பாளர். அவரையே தயாரிப்பாளராக வைக்கலாமா?

"மச்சான், இது சரியில்ல, திரும்ப வாசி" என்று இருபது தடவை சொல்லுவாரா? சொன்னால் வைத்துக்கொள்ளுங்கள். "சுப்பர் மச்சான்!" என்பவர் என்றால் புரியாணிக்கு மட்டும் கூப்பிடுங்கள்.

வாசகர், பொத்துவில்: அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீட் போலவே பேசுவேன். டெமோவில் போடலாமா?

போடலாம். கேட்கிறவர் "அருமை" என்பார், பிறகு அப்துல் ஹமீட்டின் நம்பரைத் தேடுவார்.

வாசகர், மாளிகைக்காடு: நம்மட ஊர்ப் பேச்சை மறைத்துச் செய்தித் தமிழிலேயே பேசினால்தான் வேலை கிடைக்கும் என்கிறார்களே?

இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தில் முஸ்லிம் பேச்சு வழக்கில் மரிக்காராகப் பேசிப் புகழ் பெற்றவர் எஸ். ராம்தாஸ். ஐயராகப் பேசியவர் நம் அப்துல் ஹமீட். 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. செய்தித் தமிழும் தெரிந்திருக்க வேண்டும், ஊர்ப் பேச்சும் கைவசம் இருக்க வேண்டும். நம்மட பேச்சை நாம் பேச வெட்கப்பட்டால் ஒரு ராம்தாஸ் வந்து நன்றாகவே பேசிவிட்டுப் போவார்.

வாசகர், இறக்காமம்: முகம் சுமார், குரல் சுப்பர். சினிமா டப்பிங்கில் எதிர்காலம் உண்டா?

'மைக்' மோகன் என்று பட்டம் வாங்கிய நடிகருக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர் எஸ்.என். சுரேந்தர். பட்டம் ஒருவருக்கு, மைக் இன்னொருவருக்கு! 'அமராவதி'யில் (1993) அஜித்துக்கும் 'காதலன்' (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும் பேசியவர் விக்ரம். அவர் முகமும் பிறகு தேறியது. நம்பிக்கையை விடாதீர்கள்.

வாசகி, நிந்தவூர்: தனியாக ஸ்டூடியோ போக வீட்டில் விடமாட்டார்கள். என்ன செய்ய?

துணைக்கு ஆளைக் கூட்டிப் போங்கள். அதற்கு முகம் சுளிக்கிற தயாரிப்பாளர் உங்களுக்கு வேண்டாம். வீட்டிலிருந்தே நல்ல மைக்கில் பேச, அவர் இணைய அழைப்பில் இருந்து நெறிப்படுத்தும் வழியும் உண்டு. துணைக்கு வருகிறவர் வாப்பா என்றால் ஒரேயொரு நிபந்தனை: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் டைரக்ட் பண்ணக் கூடாது.

வாசகர், சாய்ந்தமருது: இசை சேர்க்க எனக்கு விருப்பமில்லை. டெமோ எடுபடுமா?

ஆவணப்படத்துக்கும் ஒலிநூலுக்கும் வெறும் குரலே போதும். விளம்பர டெமோவுக்கு இசை சேர்ப்பது வழக்கம், ஆனால் சேர்க்காமல் கேட்கவும் நன்றாக இருக்க வேண்டும். இசை கட்டாயம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தயாரிப்பாளரிடம், எதை மறைக்கப் போகிறார் என்று கேளுங்கள்.

வாசகர், கல்முனைக்குடி: தெரிந்த ஆள்தானே, எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் கோபிப்பாரே?

இப்போது கோபித்தால் ஒரு தேநீரில் தீரும். பிறகு கோபித்தால் மத்தியஸ்த சபைக்குப் போகும். எத்தனை ஸ்க்ரிப்ட், எத்தனை திருத்தம், இசைக்கு அனுமதி யார் எடுப்பது, கலப்பில்லாத மூலக் குரல் பைல் யாருக்கு என்று நான்கு வரி போதும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துபவருக்கும் உரிமை தருகிறது, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கும் உரிமை தருகிறது. இரண்டு பேருக்கும் உரிமை உள்ள இடத்தில் கடதாசிதான் சமாதானம்.

வாசகி, அக்கரைப்பற்று: டெமோ முடிந்த பிறகு, "சும்மா சேமித்து வைக்க" என்று இரண்டு மணித்தியாலம் வெறும் வசனங்களை வாசிக்கச் சொல்கிறார். வாசிக்கவா?

60 செக்கன் டெமோவுக்கு எதற்கு இரண்டு மணித்தியாலம்? அது உங்கள் குரலை ஏ.ஐ.க்குப் பாடம் நடத்தும் நேரமாக இருக்கலாம். அமெரிக்காவில் வீடியோ கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதற்கு முக்கியக் காரணம் இந்த ஏ.ஐ. விவகாரம்தான். எதற்கென்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் உங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாசகர், கல்முனை: எல்லாம் சரி காக்கா, நல்ல டெமோவுக்கு அடையாளம் என்ன?

அதைக் கேட்ட நிறுவனம் நாளைக் காலையில் கூப்பிட்டு, "இதே மாதிரி இப்போதே வாசியுங்கள்" என்றால், பத்து நிமிடத்தில், எடிட்டிங் இல்லாமல், உங்களால் வாசிக்க முடிய வேண்டும். முடிந்தால் உங்கள் தயாரிப்பாளர் கெட்டிக்காரர். முடியாவிட்டால் கெட்டிக்காரர் அவருடைய கம்ப்யூட்டர். காசைக் கொடுக்கும் முன் அந்தப் பத்து நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.