பருவச்சீட்டு உழவர்

நிலத்தில் பயிரும் நகரத்தில் பணியும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையே நாள்தோறும் மின்சார ரயிலில் போய்வரும் மனித வகைக்குப் ‘பருவச்சீட்டு உழவர்’ என்று பெயரிடுவது பொருந்தும். பருவச்சீட்டு என்பது மக்கள் வழக்கில் சீசன் டிக்கெட் எனப்படும், மாதக்கணக்கில் செல்லத்தக்க பயணச்சீட்டு. பருவம் என்பதோ திருவள்ளூர் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்றாகப் பகுக்கப்படும் நெல் சாகுபடிக் காலம். இவ்விரு பருவங்களுக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டவர் இவர். ஆடுதுறை 37 போன்ற குறுகியகால நெல் முற்ற ஏறத்தாழ 105 நாள் ஆகிறது. நடவன்று எடுத்த மூன்று மாதச் சீட்டும் ஏறக்குறைய அறுவடை நேரத்தில்தான் காலாவதியாகிறது. ஆகவே அறுவடை இயந்திரத்துக்குக் காத்திருக்கும் வாரத்திலேயே, சீட்டைப் புதுப்பிக்கும் வரிசையிலும் இவர் நிற்க நேர்கிறது.

இவ்வகையினரின் வாழிடம், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதையை ஒட்டி, கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு என அரக்கோணம் வரை விரிந்து கிடக்கிறது. இவற்றுள் திருவாலங்காடு, இறைவன் ஒரு காலை ஊன்றி மறுகாலை உயரத் தூக்கிக் காளியை வென்ற ஊர்த்துவ தாண்டவத் தலம் என்பது மரபு. ஒரு காலைச் சேற்றிலும் மறுகாலை ரயில் படியிலும் வைத்து ஆடுபவருக்கு அதைவிடப் பொருத்தமான அரங்கு அமையாது.

விடியுமுன் டார்ச் விளக்குடன் வரப்பைச் சுற்றிவந்து, மோட்டார் கொட்டகையில் கால் கழுவி, விரலிடுக்கில் எஞ்சிய சேற்றைக் காலுறைக்குள் மறைத்துக்கொண்டு இவர் வண்டி ஏறுகிறார். வில்லிவாக்கம் நெருங்கும்போது செல்போனை எடுப்பது மனைவியோடு பேசுவதற்கன்று. சிம் அட்டை பொருத்திய ஸ்டார்ட்டர், அதாவது தொலைவிலிருந்தே பம்புசெட்டை இயக்க உதவும் கருவி, அவருடைய அழைப்புக்குக் காத்திருக்கிறது. கூப்பிட்ட மாத்திரத்தில் மறுபேச்சின்றி வேலை தொடங்கும் ஒரே ஆள் அந்த மோட்டார்தான் என்பதால், அலுவலகத்தில் தமக்குக் கீழே பணிபுரிபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அதன் நினைவு வருகிறது.

மழை இவருடைய இரண்டு கணக்கிலும் பதிவாகும் வரவு செலவு ஆகும். ஐப்பசியில் கொட்டும் மழையில் வண்டி நின்றுவிட்டால், வருகைப்பதிவேட்டில் அரைநாள் விடுப்பு ஏறுகிறது. வயலிலோ ஒருநாள் இறைவை மிச்சமாகிறது. பயிர் தூர்கட்டும்போது, அதாவது ஒரு நாற்று பல கிளைகளாகப் பிரியும்போது, பெய்தால் பெட்டியில் இவர் முகம் மட்டும் மலர்ந்திருக்கும். கதிர் சாயும் தறுவாயில் பெய்தாலோ, குடையோடு வந்த சக பயணியைக்கூட இவர் குற்றவாளியாகவே நோக்குவார்.

ரயில் நிலையத்துக்கருகே வண்ணக் கொடிகளுடன் முளைக்கும் மனைப்பிரிவுகள், அதாவது விளைநிலத்தை வீட்டு மனைகளாகக் கூறுபோட்டு விற்கும் இடங்கள், இவருடைய நிரந்தர வசைப்பொருள். சோறு போட்ட பூமியைச் சதுர அடியில் விற்பவர் உருப்படமாட்டார் என்று ஆவடியில் தொடங்கும் சொற்பொழிவு பெரம்பூர்வரை நீளும். எனினும் ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதைப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணோடு மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அந்தப் பெட்டியில் அவர் ஒருவரே.

விற்காமலிருப்பதற்கான காரணம் மண்பற்று என்று அவர் கூறுவார். கணக்கு நோட்டு வேறொன்று கூறும். ஏரிப்பாசனம், கிணற்றுப்பாசனம் என நூல்கள் வகுத்த முறைகளோடு, சம்பளப்பாசனம் என ஒன்றையும் சேர்த்தாலன்றி அந்த நிலம் பச்சையாக இருப்பதை விளக்க இயலாது. மாதக்கடைசியில் மடை திறந்ததும் உழவு, நடவு, உரம், களை என்னும் வாய்க்கால்களில் பணம் பாய்கிறது. கடைமடையில், அதாவது நீர் கடைசியாகச் சேரவேண்டிய இடத்தில், மளிகைச் சீட்டோடு காத்திருக்கும் மனைவிக்கு வந்து சேர்வதோ, ‘வீட்டு அரிசி ருசியே தனி’ என்னும் விளக்கம் மட்டுமே.