வந்து போகும் கரண்ட்: புணரியல் நோக்கில் ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளின் மின்பழுதுகள் இரு வகைப்படும்: நிலைத்த பழுது, வந்து போகும் பழுது. நிலைத்த பழுது ஆய்வுக்கு உரியதன்று. பியூஸ் போனால் போனதுதான், மாற்றினால் தீர்ந்தது, அதை வைத்து யாரும் டாக்டர் பட்டம் வாங்க முடியாது. வந்து போகும் பழுதே அறிஞர்களின் கவனத்துக்கு உரியது. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வெட்டி வெட்டி ஓடிய வண்டி, மெக்கானிக் கடை வாசலுக்கு வந்ததும் ஒரே உதையில் கிளம்பும். "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார் மெக்கானிக். வண்டிக்காரர் பொய்ச்சாட்சி சொன்னவர் போல் நிற்பார். இப்பொருள் குறித்துத் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லாதது, அவர் காலத்தில் வண்டி இன்மையால் என்க.

இத்துறையில் இரு பள்ளிகள் உண்டு. முதலாவது உறுப்புவாதம். பழுது ஏதோ ஓர் உறுப்பில் இருக்கிறது. பிளக், காயில், சி.டி.ஐ., பேட்டரி என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் ஒருநாள் அது அகப்படும் என்பது இவர்கள் கொள்கை. உதிரிபாகக் கடைக்காரர்கள் இதற்குப் பேராதரவு தருகின்றனர். இரண்டாவது புணர்ச்சிவாதம். உறுப்புகள் பெரும்பாலும் நல்லவை. அவை ஒன்றோடொன்று சேரும் இடமே கெட்டது என்பது இதன் துணிபு. இவ்வாய்வாளர் இரண்டாம் பள்ளியைச் சார்ந்தவர்.

"காயில் மாத்தினதும் சரியாயிடுச்சே" என்பது உறுப்புவாதிகளின் பெருஞ்சான்று. அதை மறுப்பது எளிது. காயிலை மாற்ற வேண்டுமானால் அதன் கப்ளரை, அதாவது வயரும் வயரும் சேரும் பிளாஸ்டிக் இணைப்பை, கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். கழற்றி மாட்டும்போது உள்ளே டெர்மினல்கள் உரசி, அழுக்கு விலகி, கரண்ட் சில நாள் ஒழுங்காகப் பாயும். குணப்படுத்தியது அந்த உரசல்; பெயரும் பணமும் போனது புதுக் காயிலுக்கு. பத்து நாளில் பழுது திரும்பி வந்தால், "டூப்ளிகேட் காயில் போல" என்று பழி அதன் தலையில் விழும். பழைய காயிலை அதே கப்ளரில் மாட்டிப் பார்த்தவர் அரியர்.

இனி இலக்கணம். நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுக்கிறது. பவணந்தி முனிவர் சொல்லும் சொல்லும் சேரும் இடத்துக்குச் சொன்னது, வயரும் வயரும் சேரும் இடத்துக்கு எள்ளளவும் பிசகாமல் பொருந்துகிறது. கப்ளருக்குள் ஈரம் புகுந்து செம்பின்மேல் பச்சைக் களிம்பு வருவது தோன்றல். கடலோர ஊர்களில் இது சற்று விரைந்து தோன்றும். டெர்மினலின் பிடி விரிந்து, தளர்ந்த இடம் சூடேறி, வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாவது திரிதல். பழுத்த கப்ளரைக் கண்டால் மேற்கொண்டு விசாரணை வேண்டாம். அதுவே ஒப்புதல் வாக்குமூலம். மேலே உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறுவது கெடுதல். ஹேண்டில்பார் திரும்பத் திரும்ப மடங்கும் கழுத்துப் பகுதியில் இது மிகும். யூ-டர்ன் எடுக்கும்போது மட்டும் அணையும் வண்டிகள் இவ்வினத்தவை. எவ்விகாரமும் இல்லாத இயல்பு புணர்ச்சி ஷோரூமில் மட்டும் காணப்படும்.

அடுத்து முதற்பொருள், அதாவது நிலமும் பொழுதும். அகப்பாட்டின் திணையைப் போலவே பழுதின் இடத்தையும் இவை காட்டிக்கொடுக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் வெட்டுவது பேட்டரி முனை, பியூஸ் ஹோல்டர், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் ஆகியவற்றுக்குரிய நிலம். மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் பின் வெட்டுவது பிளக் கேப்புக்குரிய பொழுது. இருட்டில் அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் ஸ்பார்க் நீலமாகவே தெரியும். அரைமணி ஓடிச் சூடானபின் நின்று, டீ குடித்து முடிப்பதற்குள் தானே சரியாகிவிடுவது பல்சர் காயில் அல்லது இக்னிஷன் காயிலுக்கு உரியது. உறுப்புவாதிகளுக்கு நாம் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒரே நிலம் இது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்டும் வருவதும் உண்டு. சீட்டுக்கு அடியில் வயர் நசுங்குகிறது என்று பொருள். பழி உட்கார்ந்தவர்மேல் போடப்பட்டு, இல்லங்களில் தேவையற்ற பேச்சுக்கு இடமாகிறது.

வண்டி வெட்டும் அந்த நொடியில் ஹாரனை அழுத்துக. பெரும்பாலான வண்டிகளில் அது பேட்டரி கரண்டில் ஒலிப்பது. ஹாரனும் ஊமையானால் பேட்டரி முனை, மெயின் பியூஸ், சாவி சுவிட்ச் பக்கம் தேடுக. ஹாரன் கணீரென்று ஒலித்து இன்ஜின் மட்டும் செத்தால் இக்னிஷன் பக்கம் போகலாம். நடுரோட்டில் காரணமின்றி ஹாரன் அடிக்க வெட்கமாக இராதோ எனின், நம் ஊரில் அதை யாரும் கவனிப்பதில்லை என்க.

"மீட்டர் வைத்துப் பார்த்தேன், கீ என்று சத்தம் வருகிறதே, இணைப்பு நன்றாகத்தானே உள்ளது?" எனின், அற்றன்று. ஒரே ஒரு செம்பிழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் கூவும். அது அனுப்புவது துளிக் கரண்ட். ஜார்ஜ் ஓம் 1827இல் நூலாக வெளியிட்ட விதி இங்கே துணைக்கு வரும். எர்த் வயரின் முனையில் 0.1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்க. 35 வாட் ஹெட்லைட் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். அங்கே இழப்பு 0.3 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது. செல்ஃப் மோட்டார் 40 ஆம்பியர் கேட்டால் அதே இடத்தில் 4 வோல்ட் கரையும். லைட் பளிச்சென்று எரிய, செல்ஃப் மட்டும் டிக் டிக் என்று முனகும். உடனே பேட்டரி மாற்றப்படுகிறது, பாவம்.

ஆகவே கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துச் செல்ஃபை அழுத்துக. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நிரபராதி. ஒரு முழு வோல்ட்டைத் தாண்டினால் கைது செய்யலாம்.

மேலைநாட்டு ஐதிகம் ஒன்றையும் குறிப்பிடுவது முறை. பர்மிங்காமின் ஜோசப் லூகாஸ் நிறுவனத்து மின்சாமான்கள் பொருத்திய பிரிட்டிஷ் வண்டிகளை ஓட்டியவர்கள், அவரை இருட்டின் இளவரசர் என்று பட்டம் கட்டி அழைத்தனர். அங்கேயும் பல வேளைகளில் உண்மைக் குற்றவாளி துருப்பிடித்த எர்த்தே என்பர் புணர்ச்சிவாதிகள்.

மெக்கானிக்கிடம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "அப்பப்போ ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சூட்டிலா, மழையிலா, திருப்பத்திலா, ஆள் ஏறினாலா என்று சொல்லுங்கள். பேட்டரி முனைகளையும் எர்த் போல்ட்டையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிவிட்டே போங்கள். பல வண்டிகளில் எர்த் போல்ட்டுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.