வாழ்க பாமினி!

சிவகாசி அச்சகக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்று யாரும் குறைப்பட வேண்டாம். பலருக்குச் சோறு போடுவதே அந்தச் சண்டைதான். 1999-இல் தமிழக அரசு கணினித் தமிழ் எழுத்துகளுக்கு டாம், டாப் என இரண்டு குறியேற்றங்களை அறிவித்தது. ஒன்றோடு நிறுத்தாத பெருந்தன்மை! 2010-இல் யூனிகோடு, துணைக்கு டேஸ்16. அதற்காகப் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்கள் ஊரைவிட்டா போய்விடும்?

வாட்ஸப்பில் யூனிகோடாக வந்த கல்யாணப் பத்திரிகை வாசகம் பழைய பேஜ்மேக்கரில் வெறும் கேள்விக்குறிகளாக விழும். மாப்பிள்ளை பெயர் ‘????’. பெண் வீட்டாருக்கு இருந்த சந்தேகமும் அதுவே. மென்பொருள் வாய்விட்டுச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான். புதிய கோரல்டிராவில் சேமித்த கோப்பைப் பழைய கோரல்டிரா வாசலிலேயே நிறுத்திவிடும். மாமியார்கள் மெச்ச வேண்டிய மென்பொருள்.

எழுத்துருச் சண்டைக்கு ஒரு மருந்து, எழுத்தையெல்லாம் வெறும் கோட்டு வடிவமாக, அதாவது ‘கர்வ்’ ஆக்கிவிடுவது. பிறகு எழுத்துரு இல்லாத கணினியிலும் அட்சரம் பிசகாது. தட்டச்சு செய்து திருத்தவும் முடியாது.

“தம்பி, சரவெடி லேபிள்ல ‘எட்ட நின்று கொளுத்தவும்’னுதானே கொடுத்தோம்? ‘கிட்ட நின்று’ன்னு இருக்கே?”

“கர்வ் பண்ணியாச்சுண்ணே. தீபாவளி கழியட்டும், அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”