55 மாத ஆயுசு

“பேட்டரி நல்லாத்தான் சார் இருக்கு, ஆல்டர்னேட்டரைப் பாருங்க” என்கிறார் பேட்டரிக் கடைக்காரர். “ஆல்டர்னேட்டர் பதினாலு வோல்ட் குடுக்குது சார், பேட்டரிதான் அவுட்டு” என்கிறார் மெக்கானிக். இரண்டு பேரும் அடுத்தடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். நேரில் பேசிக்கொள்ள மாட்டார்கள். இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எனக்கு, அதுவும் ஆட்டோவில். கார் கீழே பார்க்கிங்கில் கவர் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

கார் பேட்டரியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது, எப்போது மாற்றுவது என்ற மூன்றையும் இங்கே சொல்லிவிடுவதாக உத்தேசம். சொல்கிறேன். அதற்கு முன்னால் வாரண்டி கார்டைப் பற்றி ஒரு வார்த்தை.

பேட்டரிக்கு ஏன் ஆயுசை மாதக் கணக்கில் சொல்கிறார்கள்? 36, 48, 55, 66, 77. வயதை மாதத்தில் சொல்வது கைக்குழந்தைக்கு, அதுவும் பால்பல் முளைக்கிற வரைக்கும்தான். என்னை யாராவது வயது கேட்டால் 756 மாதம் என்றா சொல்கிறேன்? 55 மாதம் என்றால் நாலரை வருஷமும் அதற்கு மேல் ஒரு மாதமும். அந்த ஒரு மாதம் யாருக்கு, எந்த வேண்டுதலுக்கு? ‘நாலரை வருஷம்’ என்று எழுதியிருந்தால் “அவ்வளவுதானா?” என்று கேட்டிருப்போம். 55 என்றதும் வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணிவைக்கிறோம்.

வாங்கின கையோடு நாம் செய்கிற காரியங்கள் இருக்கிறதே! பில் வெளுத்துப்போகும் என்று ஜெராக்ஸ். ஜெராக்ஸ் தொலைந்துபோகும் என்று போனில் போட்டோ. ஒரிஜினல் கார்டு பீரோவுக்குள், முகூர்த்தப் புடவைக்கு அடியில். வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். பேட்டரி கார்டைக் கரண்ட் போன ராத்திரியிலும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

அப்படிக் காப்பாற்றின கார்டைக் கொண்டுபோய் நீட்டினால், கடைக்காரர் முதலில் தன் கடை சீலையே சந்தேகமாகப் பார்க்கிறார். பிறகு தேதி, வண்டி நம்பர், பேட்டரி மேல் குத்தியிருக்கும் சீரியல் நம்பர். எல்லாம் சரி என்றானதும் முகம் வாடுகிறது. “விட்டுட்டுப் போங்க சார், சார்ஜ் போட்டுப் பார்க்கணும்.” ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் சாகக் கிடக்கிற பேட்டரிகூடக் காலையில் 12.6 வோல்ட் காட்டும். ஐ.சி.யூ.வில் கிடப்பவனுக்கு விடிய விடிய குளுக்கோஸ் ஏற்றி, எழுந்து உட்கார்ந்ததும் ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்புகிற வைத்தியம். “லோடு போட்டுப் பாருங்களேன்” என்றேன். “பச்சைக் கண்ணு தெரியுதே சார்” என்கிறார். பேட்டரி மேல் இருக்கும் அந்தக் கண் ஆறு செல்லில் ஒரே ஒரு செல்லைத்தான் பார்க்கிறது. மீதி ஐந்தும் என்ன கதியில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், சொல்லமாட்டார்.

சரி, பேட்டரி போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார் என்றே வையுங்கள். அப்போதுதான் புரோ ரேட்டா வருகிறது. என் கார்டில் முதல் 30 மாதம்தான் இலவச மாற்று. மீதி 25 மாதம் புரோ ரேட்டா. அதாவது எம்.ஆர்.பி.யில் கழிவு. எம்.ஆர்.பி.க்குப் பேட்டரி வாங்கின மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? எம்.ஆர்.பி. 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது சதவீதம் போனால் 4,200. பழைய பேட்டரியையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கார்டும் பில்லும் இல்லாத ஒரு மனிதர் வெறுங்கையோடு வருகிறார். அவருக்குக் கடை விலை 4,700, பழைய பேட்டரிக்கு 900 கழித்து 3,800. புடவைக்கு அடியில் கார்டைக் காத்தவனுக்கு 400 ரூபாய் அபராதம். இதைக் கடையிலேயே காகிதத்தில் போட்டுக் காட்டினேன். கடைக்காரர் மறுக்கவில்லை. “கணக்கு கரெக்ட் சார்” என்றார்.

1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தது இந்த ஈய-அமில பேட்டரி. அன்றைக்கும் ஈயமும் கந்தக அமிலமும்தான், இன்றைக்கும் அதுவேதான். பிளாந்தே யாருக்காவது 55 மாத கார்டு எழுதிக் கொடுத்தாரா?

பராமரிப்புக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கீழே இறங்கி, கவரைத் தூக்கி, ஸ்டார்ட் பண்ணி, ஐந்து நிமிஷம் உறுமவிட்டு, பக்கத்து வண்டிக்காரரிடம் “வாரம் ஒரு தடவை போட்டுடணும்” என்று சொல்லிவிட்டு மேலே வருகிறோம் அல்லவா? அதனால் பேட்டரிக்குப் பெரிய லாபம் கிடையாது. நிறுத்தின காரிலும் அலாரம், கடிகாரம், ரிமோட் லாக் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் ஹவர். சின்ன காரின் பேட்டரியே மொத்தம் 35தான். அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டினால் உண்டு. ஓட்டுவதற்கு இடம் எங்கே, பெட்ரோல் என்ன விலை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். மெட்ரோவுக்கு வெட்டின ரோட்டை நான் வெட்டவில்லை.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து, காய்ந்தபின் வாஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். சென்னை வெயிலில் எந்தப் பேட்டரியும் மூன்று நான்கு வருஷத்துக்கு மேல் இழுத்தால் அதிகம். தேர்ந்தெடுப்பது பற்றி... கடையில் எந்த ஸ்டாக் இருக்கிறதோ அதைத்தான் உங்களுக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள்.

கடைசியில் புதுசே வாங்கிவிட்டேன், 3,800 ரூபாய்க்கு, கார்டை வெளியே எடுக்காமல். சாவியைத் திருப்பின உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் பேட்டரியைக் கழற்றினதில் காருக்குள் இருந்த கடிகாரம் அழிந்து இப்போது ராத்திரி பன்னிரண்டிலிருந்து புதுக்கணக்கு ஆரம்பித்திருக்கிறது. எஃப்.எம். ஸ்டேஷன்களும் போயின. எப்படி நேரம் வைப்பது என்று கடைக்காரரைக் கேட்டேன், மெக்கானிக்கைக் கேட்கச் சொன்னார். மெக்கானிக்கைக் கேட்டேன், பேட்டரி மாற்றினவரைக் கேட்கச் சொன்னார். பையனைக் கேட்டேன். “போன்ல மணி தெரியுதுல்லப்பா, அப்புறம் என்ன?” என்கிறான்.