மூன்றாவது பாடகர்

சுவரொட்டியில் இரண்டு முகங்கள்தான் இருந்தன. யேசுதாஸ், எஸ்.பி. பாலசுப்ரமணியம். சில ஆண்டுகளுக்கு முன் அதை நம்பித்தான் சென்னை நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு டிக்கெட் எடுத்தேன். மூன்றாவதாக ஒருவரும் பாடப்போகிறார், அவருடைய மேடை என் பக்கத்து நாற்காலி என்பதை யாரும் அச்சடிக்கவில்லை.

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் பனங்கற்கண்டுப் பொட்டலம். விளக்கு அணைவதற்குள் ஒரு துண்டை வாயில் போட்டு, இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொள்வார். அடுத்து நமக்குத் தேர்வு நடக்கும்.

“பொம்மை படத்துல தாஸண்ணா பாடினது எந்த வருஷம், சொல்லுங்க சார்?”

வாயைத் திறந்தேன்.

“1964! அடிமைப்பெண்ல பாலு? 1969! அவர் 1940-ல பொறந்தவர், இவர் 1946. ஆறு வயசுதான் வித்தியாசம்.”

கேள்வியும் அவரே, பதிலும் அவரே, மதிப்பெண்ணும் அவருக்கே.

பாட்டு தொடங்கியது. பல்லவியைப் பாடுகிறவர்கள் எந்தக் கூட்டத்திலும் உண்டு; மன்னித்துவிடலாம். இவர் இடையிசையையும் விடமாட்டார். வயலின் வரும் இடத்தில் வாயால் வயலின். புல்லாங்குழல் வரும் இடத்தில் உதட்டைக் குவித்துப் புல்லாங்குழல். தபலாவுக்கு நடுக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியில் என் கையும் இருந்தது என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில்தான் பயணம் செய்யும். மேடைக்கு 70 மீட்டர் தள்ளிப் போட்ட நாற்காலிக்கு வெறும் காற்றில் வந்து சேர ஐந்தில் ஒரு நொடி ஆகும். மேல்வரிசைக் கைதட்டல் எப்போதும் தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் விழுவது இதனால்தான். நம்மவரோ அடுத்த அடி தமக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க, அதை முன்கூட்டியே பாடிவிடுவார். ஆகவே அன்று முழுவதும் ஒவ்வொரு வரியையும் முதலில் இவர் குரலிலும், பிறகு நகல்போல யேசுதாஸ் குரலிலும் கேட்டேன்.

“உஸ்...” என்றேன், மெதுவாக. அதையும் தாளக் கருவி என்று எடுத்துக்கொண்டு, சபாஷ் என்பதுபோலத் தலையாட்டினார்.

அவர் பாலு கட்சி. முன்வரிசையில் ஒரு தாஸண்ணா கட்சிக்காரர் இருந்தது இடைவேளையில்தான் தெரிந்தது. “தேசிய விருது எட்டு வாங்கினவர் சார்” என்று அவர் திரும்ப, “பாலு வாங்கின ஆறும் நாலு பாஷையில சார்” என்று இவர் எழுந்துவிட்டார். பாகவதரா, சின்னப்பாவா என்று தாத்தாக்கள் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடர்ந்தது. மேடைக்காரர்களிடம் இந்தச் சண்டை கிடையாது. ‘அண்ணா’ என்று அழைத்து யேசுதாஸுக்குப் பாதபூஜையே செய்தவர் பாலு. கட்சிக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.

அடுத்து ‘கேளடி கண்மணி’யின் அந்த மூச்சுவிடாத பாட்டு. 1990-லிருந்து தமிழ்நாட்டுக் குளியலறைகளில் எத்தனையோ பேர் முயன்று முகம் சிவந்த பாட்டு. அதில் ஒலிப்பதிவுக்கூட வித்தையும் உண்டு என்று பாலுவே சிரித்தபடி ஒப்புக்கொண்டிருக்கிறார். நம்மவர் ஒப்புக்கொள்ளவில்லை. நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடித்தார். மேடையில் பாலு நிதானமாகக் காற்றை இழுத்துக்கொண்டு பாடிப்போனார். இங்கே கழுத்து நரம்பு புடைத்தது; நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ‘தளபதி’. 1991-ல் இளையராஜா இருவரையும் சேர்த்துப் பாடவைத்தது. ரஜினிக்கு பாலு, மம்மூட்டிக்கு யேசுதாஸ். நம்மவரிடம் இருப்பதோ ஒரே தொண்டை. வலப்பக்கம் திரும்பி பாலுவாகவும், இடப்பக்கம் திரும்பி யேசுதாஸாகவும் பாடினார். இடப்பக்கம் நான். இந்த ஒரு பாட்டையாவது பத்திரப்படுத்தலாம் என்று போனில் பதிவு செய்துகொண்டே, நிமிடத்துக்கு நாலு ‘உஸ்’ வீதம் அவரை அடக்கிப் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “நல்லா அமைஞ்சுது இல்ல சார்?” என்றார், கூடப் பாடிய பக்கவாத்தியக்காரனிடம் கேட்பதுபோல.

2020 செப்டம்பர் 25. பாலு போன அன்று இரவு அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள்.

“உங்க பக்கத்து ஆளு பரவாயில்லைங்க. சுருதி விலகாமத்தான் பாடறாரு” என்றாள். “நடுவுல ஒருத்தன், விசில் வராத குக்கர் மாதிரி உஸ் உஸ்ஸுன்னு பாட்டையே கெடுக்கறானே, யாருங்க அது?”

முன்வரிசையில் ஒருவர் இருந்தார், தாஸண்ணா கட்சி என்று சொல்லிவைத்தேன்.